உப்புக் காணுமோ?

அம்மா கிணற்றடியில் குந்தியிருந்து ஒரு வல்லாரை இலையைப் பிடுங்கினார். ஓரமெல்லாம் தீய்ந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் பச்சை மிஞ்சியிருந்த இலை. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து வாயில் போட்டு மென்றார். பிறகு தொட்டித் தண்ணீரில் ஒரு கை அள்ளி வாயில் வைத்துக்கொண்டு, விழுங்காமல் அப்படியே இருந்தார்.

கொஞ்சம் தள்ளி இறைப்பு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய்ப் புகை தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே என் தகப்பனார், ஐயா, சாரத்தை மடித்துக் கட்டியபடி நின்றார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியை உயர்த்தி ஆட்டினார். ஏதோ பாடிக்கொண்டும் இருந்தார். மெசின் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது.

அம்மா வாயிலிருந்த தண்ணீரைச் சத்தமில்லாமல் துப்பினார்.

“ஐயாட்டைச் சொல்லிப் போடாதை” என்றார்.

“என்னத்தையம்மா?”

“எங்கடை கிணறு உவராப் போச்சுது பிள்ளை. உப்பு ஏறீட்டுது. அந்த மனுசனிட்டைச் சொல்லிப் போடாதை.”

அது எழுபதுகளில் ஒரு மாசி மாதம். வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வரக்கூடாது என்று அரசாங்கம் தடுத்து வைத்திருந்த காலம். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு, குடையைக்கூட மடக்காமல் நின்று அதைக் கேட்டேன்.

ஒரு கிணறு உவராகிப் போனதை அந்த வீட்டு மனிதரிடமே ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கிழமை உட்கார்ந்திருக்கிறேன்.

ஆட்டுக்குப் போடுகிற சாப்பாடு

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதில், எங்கள் வீட்டில் நாள் தவறாமல் சலாது இருந்தது என்று ஒரு வரி வந்துவிட்டது. அதைப் படித்த ஒரு பழைய சிநேகிதி தொலைபேசியில் கூப்பிட்டு, “சரவணையில சலாதோ? ஆருக்கடி கதை விடுறாய்?” என்று சிரித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக் கடலில் கிடக்கிற எங்கள் தீவுகளில், எங்கள் ஊரான சரவணையிலும்தான், அந்தக் காலத்தில் பச்சையாகத் தின்பது என்றால் வெங்காயச் சம்பல், மாங்காய்ச் சம்பல், மிஞ்சினால் ஒரு வெள்ளரிப் பழம். இலையைப் பச்சையாகத் தின்பது ஆட்டின் வேலை.

எங்கள் வீட்டில் மட்டும் அது மனிதரின் வேலையாக இருந்தது. வல்லாரையை ஆய்ந்து, கழுவி, தண்ணீரை உதறி, இறுக்கமாகச் சுருட்டிப் பிடித்து நூல் போல அரிவார் அம்மா. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், செடியிலிருந்து அப்போதுதான் பிடுங்கிய தக்காளி, ஒரு பிடி துருவிய தேங்காய்ப்பூ. கிடைத்தால் வெள்ளரிப் பிஞ்சும் பயற்றம் பிஞ்சும் நறுக்கிப் போடுவார். உப்புத் தூவி விரல் நுனியால் கிளறி, சோறு கோப்பையில் விழுந்த பிறகுதான் தேசிக்காயை வெட்டுவார். முதலிலேயே எலுமிச்சைப் புளி விட்டால் இலை கறுத்துவிடும். அவ்வளவுதான் அதன் பக்குவம். அடுப்புக்கு அதில் வேலையே இல்லை.

சொந்தக்காரர்கள் வந்தால் எங்கள் குசினியை எட்டிப் பார்த்து, “பாக்கியத்துக்கு அடுப்பு மூட்டப் பஞ்சி” என்று அம்மாவைச் சோம்பேறியாக்குவார்கள். அம்மா சிரித்துக்கொண்டே அவர்களுக்கும் ஒரு கரண்டி போடுவார். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயில் வைப்பார்கள். பிறகு இன்னொரு கரண்டி கேட்பார்கள். வீட்டுக்குப் போய் மட்டும் இலை தின்னிகள் என்று எங்களைப் பற்றிக் கதைப்பார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான்.

நான் இப்போது இருக்கிற குளிர் தேசத்தில் சலாது பிளாஸ்ரிக் பையில் கழுவியே வருகிறது. பையைக் கிழித்துக் கொட்டினால் சரி. அதில் ஒரு மணமும் இல்லை. என் மகள் அதை உடம்புக்கு நல்லது என்று தின்கிறாள். உடம்புக்கு நல்லது என்று எதையும் தின்கிற வீட்டில் நான் வளரவில்லை. எங்கள் வீட்டில் சலாது ஒரு மனிதரை உயிரோடு வைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டது.

ஈரத்துணியில் வந்தது

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் தெற்கில் இருந்தோம். மாத்தறைக்கு அங்கால் ஒரு சந்தியில் ஐயாவுக்குக் கடை இருந்தது. அரிசி, பருப்பு, சுருட்டு, கருவாடு எல்லாம் கலந்து மணக்கிற கடை. ஐயா அப்போது வாய் ஓயாத மனிதர். சிங்களத்தில் பகிடி விட்டு, தமிழில் கணக்குப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் பாட்டுப் பாடுவார்.

பின்வீட்டில் சோமாவதி என்று ஓர் அம்மா இருந்தார். அவர்தான் என் அம்மாவுக்கு மல்லுங் செய்யச் சொல்லிக் கொடுத்தவர். எந்த இலையானாலும் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்து ஒரு கணத்தில் செய்துவிடுவார். அம்மாவுக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. வேலிக்கு மேலால் இலையும் தேங்காய்ப் பாதியும் போய் வந்தன.

ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தபோது சோமாவதி எங்களைத் தன் வீட்டு நெல் அறைக்குள் பூட்டி வைத்தார். கடை எரிகிற மணம் எங்களுக்கு அங்கே வந்தது. கருவாடு எரிகிற மணத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. ஐயா சுவரோடு சாய்ந்திருந்து, ஒவ்வொரு சாமானின் பேராகச் சொல்லிக்கொண்டிருந்தார். இது பருப்பு, இது எண்ணெய் டின் என்று மணத்தை வைத்தே சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு நெடுங்காலம் பேசவில்லை.

எங்களைக் கொழும்புக்கு லொறியில் ஏற்றுவதற்கு முன் சோமாவதி ஒரு பார்சல் சோறும் ஒரு பிடி வல்லாரையும் அம்மாவின் கையில் வைத்தார். அவசரத்தில் வேரோடு பிடுங்கிய வல்லாரை. அம்மா அதைத் தின்னக் கொடுக்கவில்லை. ஒரு பழந்துணியை நனைத்துச் சுற்றி மடிக்குள் வைத்துக்கொண்டார். காங்கேசன்துறையில் கப்பலால் இறங்குமட்டும் அந்தத் துணி காயவில்லை. குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியை அதற்குத்தான் ஊற்றினார்.

சரவணையில் எங்கள் காணிக்கு வந்து சேர்ந்ததும் அம்மா செய்த முதல் வேலை, குளிக்கிற தண்ணீர் வழிந்தோடுகிற கிணற்றடி ஓரத்தில் அதை ஊன்றியதுதான். வீட்டுக்குள் போய் விளக்கு வைத்ததுகூடப் பிறகுதான்.

கதிரை

ஐயா சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழும்பவில்லை என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். குளிக்க எழும்புவார், படுக்க எழும்புவார். மற்றப்படி அந்தக் கதிரைதான். கூரையில் ஒரு பல்லி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சாப்பிடவும் மாட்டார். அடுப்பில் வெந்து வருகிற எதையும் அவரால் தின்ன முடியவில்லை. தாளிக்கிற மணம், கருவாடு சுடுகிற மணம், மீன் பொரிக்கிற மணம் எல்லாம் அவரை முகம் திருப்ப வைத்தன. காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. எரிகிற மணம் இல்லாத சாப்பாடு ஒன்று வேண்டியிருந்தது.

வல்லாரை வேர் பிடித்துக் கொஞ்சம் படர்ந்ததும் அம்மா முதல் முறையாகச் சலாது செய்தார். வெறும் சோறும் அதுவும்தான். ஐயாவின் முன் வைத்துவிட்டு, உப்புப் போதுமா என்று குசினிப் படியில் நின்று எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டார்.

“உப்புக் காணுமோ?”

பதில் வரவில்லை. ஆனால் கோப்பை காலியாகியிருந்தது. அடுத்த நாளும் அதையே செய்தார், அதையே கேட்டார். எத்தனை நாள் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

“கணக்காய் இருக்கு” என்றார்.

தொண்டை கரகரத்துப்போய், யாரோ ஒருவருடைய குரல் போல இருந்தது. அம்மா குசினிக்குள் ஓடிப்போய் முகத்தைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எதற்கு அழுகிறோம் என்று ஐயாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, வெங்காயம் அரிகிற பலகையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியும் பதிலும் எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்ந்த ஒன்று. வேறு வீடுகளில் புருசனும் பெஞ்சாதியும் எதையெதையோ கதைப்பார்கள். இவர்களுக்கு இது போதுமாக இருந்தது.

கிணறு ஊறுகிற நேரம்

சலாதுக்காக அம்மா தோட்டம் வைத்தார். நாலு பாத்தியில் தொடங்கி, தக்காளி, மிளகாய், கத்தரி, பயற்றங்கொடி, வெள்ளரி என்று வேலி வரைக்கும் போனது. பூவரசங் குழையும் ஆட்டெருவும் போடுவார். கடற்கரையில் ஒதுங்குகிற கடற்புல்லை, சாதாளையை, அள்ளிவந்து, மாரி மழையில் ஊறவிட்டு உப்புப் போன பிறகு மண்ணில் தாழ்ப்பார்.

அதைக் கொண்டுவந்து தருகிறவர் மரியதாஸ் அண்ணை. பக்கத்து ஊரான சுருவிலில் கடல்தொழில்காரர். சைக்கிளில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார். மீனைத் தந்துவிட்டு மரக்கறி வாங்கிப் போவார். முதல் தடவை சலாதைத் தின்றுவிட்டு, “அக்கா, இது நல்லாத்தான் கிடக்கு. ஆனா நான் தின்டதெண்டு கரையில ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதையுங்கோ” என்றார்.

ஐயா மெல்ல மெல்லக் கதிரையை விட்டு எழும்பினார். முதலில் தக்காளிக்குக் கம்பு நட்டார். பிறகு காலையும் மாலையும் துலாவில், கிணற்று ஏற்றத்தில், இறைத்தார். அம்மா தண்ணீரைத் திருப்பிப் பாத்தி மாறுவார்.

அம்மாவிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறினால் கிணற்றில் வாளி விடக்கூடாது. குடிக்கவோ கழுவவோ வேண்டியதைக் காலையிலேயே அள்ளி நிரப்பிவிட வேண்டும். “கிணறு ஊறுற நேரம், தொடாதை” என்பார். சரவணையில் பல வீடுகளில் அந்த வழக்கம் இருந்தது. ஏன் என்று கேட்டால் ஒருவர் வைரவர் குளிக்கிற நேரம் என்பார். இன்னொருவர் காய்ச்சல் வரும் என்பார். காரணம் தெரியாமலே கடைப்பிடித்தோம். காரணம் தெரியாமலே விட்டும்விட்டோம்.

எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. அது தீவில் பெரிய அதிட்டம். சில குறிச்சிகளில் சோற்றுக்கு உப்புப் போடத் தேவையில்லை, கிணறே போட்டுவிடும். பொம்பிளை கேட்டு வருகிறவர்கள்கூட முதலில் கிணற்றுத் தண்ணீரைத்தான் வாங்கிக் குடித்துப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் குடித்துவிட்டு, “இளநி மாதிரிக் கிடக்கு” என்று சொன்னார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது வேறு கதை.

செம்மண்ணில் கண்டது

வெளி வெங்காயம் நின்றதும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு ராசயோகம் அடித்தது. ஐயா ஒருமுறை கலியாண வீடொன்றுக்குத் தீவுக்கு வெளியே செம்மண் தோட்டப் பக்கம் போய்வந்தார். போகும்போது அமைதியாகப் போன மனிதர், வரும்போது பஸ்ஸில் இருந்து இறங்கி, படலையைத் திறக்க முன்னமே கதைக்கத் தொடங்கினார்.

“இஞ்சேரும், அங்கை ஒருத்தனும் துலா மிதிக்கிறேல்லை. எல்லாம் மெசின். விடிய ஸ்ராட் பண்ணினா பொழுது படுமட்டும் ஓடுது. வெங்காயம் குத்தி நிக்குது கண்டீரோ, பச்சைப் பாய் விரிச்ச மாதிரி. அதைப்போலை இஞ்சை ஏன் செய்யேலாது?”

அம்மாவுக்கு மெசின் பற்றி ஒரு சந்தேகமும் வந்ததாகத் தெரியவில்லை. அவர் காதில் விழுந்தது மெசின் அல்ல, ஐயாவின் குரல். கடை எரிந்த நாளுக்குப் பிறகு ஐயா இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. “செய்யேலும், ஏன் ஏலாது?” என்றார் அம்மா. ஐயா நிலவைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு அம்மா ஓம் என்றிருப்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் லொறியில் மெசின் வந்தது. அக்கம்பக்கம் எல்லாம் கூடியது. ஐயா தேங்காய் உடைத்து, சாம்பிராணி காட்டினார். மரியதாஸ் அண்ணை தன் பங்குக்குச் சிலுவை போட்டார். குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தபோது கைதட்டாதவர் ஒருவரும் இல்லை. வேண்டாம் என்று ஒரு குரலும் எழவில்லை. இப்போது நடந்ததைச் சொல்லி, எனக்கு அப்பவே தெரியும் என்கிறவர்கள் எல்லாரும் அன்றைக்குப் பானகம் குடித்துவிட்டுப் போனவர்கள்தான்.

செம்மண் நிலத்துக் கிணறு வேறு, எங்கள் கிணறு வேறு என்பது பிறகுதான் விளங்கியது. தீவில் நல்ல தண்ணீர் என்பது கடல்தண்ணீருக்கு மேலே படிந்து கிடக்கிற ஒரு மெல்லிய படை. அளவாக அள்ளி, ஊறவிட்டால் அது அப்படியே கிடக்கும். ஓய்வு கொடுக்காமல் இழுத்தால் கீழே கிடப்பது மேலே வந்துவிடும். ஐயா விடியவே மெசினை ஓட வைத்தார், உச்சி வெயிலிலும் நிறுத்தவில்லை. அம்மா அந்த நேரம் கிணற்றடியைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விடுவார்.

முதல் வருசம் வெங்காயம் குவிந்தது. ஐயா பாடத் தொடங்கினார். கடையில் பாடிய அதே பாட்டுகள். இரவில் பாயில் கிடந்தபடி அம்மா என்னிடம் சொன்னார்: “கொப்பர் திரும்பி வந்திட்டார் பிள்ளை.”

அடுத்த வருசம்தான் அந்த மாசி மாதம்.

மறைப்பு

இப்போது விளங்கியிருக்கும், அம்மா ஏன் அந்தத் தண்ணீரைச் சத்தமில்லாமல் துப்பினார் என்று. கடை எரிந்தது பிறர் செய்தது. அதற்கே அந்த மனிதர் அப்படிக் கதிரையில் விழுந்தார். கிணற்றை அவரே கெடுத்தார் என்று தெரிந்தால் என்ன ஆவார்? அம்மாவுக்கு அந்தப் பயம்தான். கிணறு போனதைக்கூட அவர் பெரிதாக எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். கிணற்றோடு ஐயாவும் போய்விடக்கூடாது.

மரியதாஸ் அண்ணையிடம் மட்டும் சொன்னார். அவர் தலையைச் சொறிந்தபடி நின்றார்.

“எங்கடை கோயிலடிக் கிணத்தில நல்ல தண்ணி கிடக்கு அக்கா. மீனோடை ஒரு கான் கட்டிக்கொண்டு வாறன். அண்ணை தோட்டத்தில நிக்கேக்கை வைச்சிட்டுப் போறன்.”

அப்படியே செய்தார். அந்தத் தண்ணீரில்தான் ஐயாவுக்குத் தேத்தண்ணீர், குடிக்கிற செம்பு, சலாதுக்கு இலை கழுவுவது எல்லாம். கிணற்றடியில் பிழைத்துக் கிடந்த கொஞ்ச வல்லாரைக்கும் அதிலேயே ஒரு சிரட்டை. மெசின் அந்தப் பக்கம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்க, அம்மா இந்தப் பக்கம் சிரட்டையால் ஊற்றிக்கொண்டிருப்பார்.

வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகி வந்தது. “நுனிக் கருகல் வருத்தமாம், ஊர் முழுக்க அடிக்குதாம்” என்று அம்மா சொன்னார். ஐயா “ஓமோம், அப்பிடித்தான் கதைக்கினம்” என்று சொல்லிவிட்டு மருந்து அடித்தார். தக்காளி பூவோடு உதிர்ந்தது. “காத்து” என்றார் அம்மா. “காத்துத்தான்” என்றார் ஐயா. மெசினை இன்னும் கொஞ்சம் வெள்ளென, விடியுமுன்னே, ஓட வைத்தார்.

மதியம் சாப்பாட்டில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

“உப்புக் காணுமோ?”

“கணக்காய் இருக்கு.”

பெரிய வெள்ளி

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மரியதாஸ் அண்ணையைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான், மீன் வேண்டியதில்லை. தண்ணீர்க் கானுக்காக அம்மா படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

“அம்மா, இண்டைக்குப் பெரிய வெள்ளி. அவர் கோயிலுக்குப் போயிருப்பார். வரமாட்டார்.”

அம்மா தண்ணீர்ப் பானையைச் சரித்துப் பார்த்தார். முதல் நாள் தண்ணீர் ஐயாவின் செம்புக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. சலாது செய்யாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஐயா எழும்பி நடமாடத் தொடங்கிய நாளிலிருந்து சலாது இல்லாமல் ஒரு மதியம் போனதில்லை. இல்லையென்றால் ஏன் என்ற கேள்வி வரும்.

காலையில் கிணற்றிலிருந்து அள்ளி வைத்த வாளித் தண்ணீரில் வல்லாரையைக் கழுவினார். அந்த ஒரு பிடி இலைதான் இருந்ததெல்லாம், அதற்குப் பிறகு அந்த இடத்தில் வெறும் கொடிதான் கிடந்தது. இலையில் மண் இருந்தபடியால் பலமுறை அலச வேண்டி வந்தது. வெங்காயத்தையும் அதிலேயே போட்டு அலசினார். அரிந்து, தேங்காய்ப்பூ போட்டார். உப்புச் சாடியின் மூடியில் கையை வைத்து, திறக்காமல் எடுத்துவிட்டார். ஒரு இணுக்கை வாயில் போட்டுப் பார்த்தார். எனக்கும் தந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஐயா கை கால் கழுவி வந்து உட்கார்ந்தார். பின்னால் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. சோறு, பருப்பு, சலாது. அம்மா தேசிக்காயைப் பிழிந்துவிட்டு, வழமையாக நிற்கிற குசினிப் படியில் நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

ஐயா ஒரு வாய் சாப்பிட்டார். நின்றார். இன்னொரு வாய் சாப்பிட்டார். படியைப் பார்த்தார், அங்கே ஒருவரும் இல்லை.

“இஞ்சேரும்” என்று கூப்பிட்டார்.

அம்மா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இண்டைக்கு நீர் கேக்கேல்லை.”

ஐயா கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

“சவுக்காரம் நுரைக்காமல் விட்டுக் கனநாளப்பா. நான் தைக்கு முன்னமே கண்டிட்டன்.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. அவர் ஒவ்வொரு நாளும் அந்தக் கிணற்றில் சோப்புப் போட்டுக் குளிக்கிறவர், உவர்த் தண்ணீரில் அது நுரைக்காது. வெங்காயத்தை மூட்டை மூட்டையாக விற்ற கடைக்காரர். நாக்கில் வைத்து உப்பின் தரம் சொல்லுகிறவர். அவருக்கா தெரியாமல் போகும்? அம்மாவுக்கு முன்னமே அவர் கண்டிருக்கிறார். கண்டபிறகும் மெசினை வைத்திருக்கிறார், மருந்து அடித்திருக்கிறார், பாடியும் இருக்கிறார். அம்மா பயந்துவிடக்கூடாதே என்று பாடியிருக்கிறார்.

அம்மா அவரைக் காப்பாற்ற மறைத்தார். அவர் அம்மாவைக் காப்பாற்ற மறைத்தார். இரண்டு பேரும் மறைத்துக்கொண்டிருக்க, மெசின் கிணற்றைக் குடித்துக்கொண்டேயிருந்தது. ஒருவர் வாய் திறந்திருந்தால் அந்தக் கிணற்றில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. இரண்டு பேரும் செத்துப்போய்விட்டார்கள், யாரோடு சண்டை பிடிப்பது?

ஐயா எச்சில் கையோடு எழும்பித் தோட்டத்துக்குப் போனார். மெசின் சத்தம் ஒருமுறை விக்கி நின்றது. அவ்வளவு காலமும் அந்தச் சத்தத்துக்குள் கேட்காமல் கிடந்த காகங்களும் பனையோலையும் ஒரேயடியாகக் கேட்டன. அவர் திரும்பி வந்து விட்ட இடத்திலேயே உட்கார்ந்து, கோப்பையில் ஒரு இலை மிஞ்சாமல் சாப்பிட்டார்.

“இன்னும் கொஞ்சம் போடும்” என்றார்.

அம்மா சட்டியில் இருந்ததெல்லாம் போட்டார். அதையும் சாப்பிட்டார்.

“கணக்காய் இருக்கு, பாக்கியம்.”

அம்மாவைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு எழும்பிப் போய்ச் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தார். அம்மா அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாளி காலியாக இருந்தது. வெயில் நடு உச்சியில் நின்றது. வல்லாரை இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு துலாக் கயிற்றைப் பிடித்து, அந்த நேரத்தில் ஒருநாளும் விடாத வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்.